மண்வெட்டியும் எழுதுகோலும்

தொண்டு என்னும் சொல் மிகப் பழமையானது. அடிமைத்தன்மை என்னும் பொருளிலும் அது வழங்கியது. அன்பினால் மேற்கொள்ளும் பணி என்னும் பொருளிலும் வழங்கியது. ஒன்பது என்னும் எண்ணுக்கும் பழந்தமிழில் தொண்டு என்று ஒரு பெயர் இருந்ததைத் தொல்காப்பியம் கற்றோர் அறிவர். அஃது ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. பிறர்க்குப் பணி செய்யப் புறப்படும் ஒருவன் முதன்முதலில் செய்யத் தக்கது யாது என்பதே நாம் கருத வேண்டுவது. என் மாணாக்கர் இருபத்தைவர் பிச்சாவரத்தில் மூன்று நாட்களில் அதனை அறிந்துகொண்ட வரலாற்றை இங்குக் கூறுகின்றேன்.

காந்தியடிகளின் நூற்றாண்டு நிறைவெய்திய 1969ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள், நம் நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. முதற்கண் 37 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 40,000 மாணவர்கள் அதில் ஈடுபட்டனர். பின்னர் அது மேனிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. எனக்காக அன்று, உனக்காக என்பதே அத்திட்டத்தின் கொள்கை. அத்திட்டத்தில் சேர்ந்த மாணவர்கள் விடுமுறையில் ஒரு சிற்றூருக்குச் சென்று, அங்கேயே தங்கிப் பணி செய்து திரும்புவர். விருத்தாசலத்துக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் அமைந்திருந்த எங்கள் பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்தபொழுது அத்திட்டத்தையும் நடத்தி வந்தேன். 2007ஆம் ஆண்டு, காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், ஏழு நாள் முகாமுக்குப் பிச்சாவரத்தைத் தெரிந்தெடுத்தோம்.

தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை எழுந்து கரையை மோதியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயின் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் பின்புறம் இருந்த குப்பங்களில், அக்காடு அலையின் விசையைத் தணித்தமையால் அழிவு குறைந்திருந்தது. அலையை ஆற்றுவது அலையாத்தி என்று பெயர்க்குப் பொருள் கூறுவர். இச்செய்தியை வகுப்பில் படித்த மாணவர்கள், நாமும் சென்று அங்கே மரம் நடுவோம் என்று ஆவலுற்றனர். முகாமுக்கெனத் தைத்த குறிப்பேட்டில் ஒருவன் புறப்படு முன்னரே, ‘நட்ட கன்றுகள்’ என்று தலைப்பிட்டு, ஏழு நாட்களுக்கும் கட்டம் வரைந்து வைத்திருந்தான்.

சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் அடைந்து, அங்கிருந்து மற்றொரு பேருந்தில் கிள்ளை வழியாகச் சென்றோம். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர். மாணவர்களுள் பதினெண்மர் அதுகாறும் கடலையே கண்டதில்லை. உப்புக் காற்று சன்னல் வழியே வீசத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. தங்குவதற்கு ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டு அறைகளை ஊரார் ஒழித்துத் தந்தனர். மண்வெட்டி, பாண்டு, கூடை, அரிசி மூட்டை, சமையற்கலம் யாவற்றையும் இறக்கி வைத்தபொழுது நண்பகல் கடந்துவிட்டது.

அன்று மாலை எங்களைத் தோணியில் ஏற்றிக் காட்டினுள் அழைத்துச் சென்றவர் இருளர் இனத்தைச் சேர்ந்த ஒரு முதியவர். ஏட்டுக் கல்வி இல்லாதவர். ஆயினும் அக்காட்டின் ஒவ்வொரு வளைவையும் அறிந்தவர். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலொடு கலக்கும் இடைப்பட்ட நிலத்தில், ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில், சிறு சிறு தீவுகளும் அவற்றைச் சுற்றிய கழிகளுமாக அக்காடு விரிந்து கிடக்கின்றது. கழியில் கழி ஊன்றித் தோணியைச் செலுத்தினார் அவர். ஒரு சொல்லே நீரையும் கோலையும் குறிப்பதை மாணவர்க்குச் சுட்டிக் காட்டினேன். எவனும் கேட்கவில்லை, அனைவர் கண்களும் மரங்களின்மேல் இருந்தன.

அம்மரங்கள் காணத் தக்கனவே. சுரபுன்னை தன் அடிமரத்திலிருந்து வில்போல் வளைந்த வேர்கள் பலவற்றை நீருள் ஊன்றிக்கொண்டு நிற்கின்றது. அதன் விதை மண்ணில் விழுந்து முளைப்பதன்று. தாய்மரத்தின் கிளையிலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கிப் பின்னரே விழுகின்றது. கண்டல் மரமோ காற்றுப் புகாத சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சு வேர்களை எழுதுகோல் முனைகளைப்போல மேல்நோக்கி நீட்டுகின்றது. அது வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றும் என்று முதியவர் சொன்னதும், ஒரு மாணவன் இலையைப் பறித்து நாவால் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தான். ஏனையோரும் ஒவ்வோர் இலை பறித்தனர்.

மற்றொருவன் வேறொரு மரத்தின் கிளையை ஒடிக்கக் கை நீட்டினான். முதியவர் கழியால் அவன் கையைத் தட்டிவிட்டு, “அதை ஒடிக்காதே தம்பி, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அது தில்லை,” என்றார். தில்லை என்ற அளவில் நான் நிமிர்ந்தேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் அதுவே. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களுள் தில்லையும் ஒன்று. வகுப்பில் பலமுறை நான் சொல்லியும் மாணவர் மனத்தில் பதியாதது, கையில் விழுந்த ஓர் அடியால் பதிந்தது.

அன்றிரவு உணவுக்குப் பின், பள்ளி முற்றத்தில் அமர்ந்து மாணவர்க்கு ஒரு கதை சொன்னேன். பியர் செரசோல் என்பவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டில் வெர்துன் அருகே போரால் பாழ்பட்ட எஸ்னெஸ் என்னும் சிற்றூருக்குப் பல நாட்டுத் தொண்டர்களை அழைத்துச் சென்று, குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கினார். நேற்றுவரை பகைவராயிருந்த செருமானியரும் அவருடன் இருந்தனர். 1934ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் பீகாரில் பெருநிலநடுக்கம் நேர்ந்ததைக் கேள்வியுற்று, கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தார். 1934 முதல் 1937 வரை அவரும் அவர்தம் தோழரும் பீகாரில் மக்களோடு மக்களாக நின்று ஊர்களைத் திரும்ப அமைக்க உதவினர். தொலைநாட்டிலிருந்து வந்த அவர்க்கு மொழி தெரியாது, நிலம் தெரியாது, வெயில் பழக்கமில்லை. நாமோ ஒரே மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறோம் என்றேன். அதற்கு ஒரு மாணவன், “எங்களுக்கும் இது வேறு நாடு போலத்தான் இருக்கிறது, ஐயா,” என்றான். அவன் கூற்றில் உண்மை இருந்தது.

இரண்டாம் நாள் எங்கள் கால அட்டவணை முதல் அடியிலேயே முறிந்தது. காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை உடலுழைப்பு என்று அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தோம். எட்டு மணிக்கு மண்வெட்டியுடன் சென்றால், வேலை செய்ய வேண்டிய வாய்க்காலில் இடுப்பளவு நீர் ஏறி நிற்கின்றது! முழுமதியை ஒட்டிய நாள். காலையில் ஏற்றம், பிற்பகலில்தான் வற்றம். நம் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் உயரம் மிகுதியன்று. ஒரு மீட்டருக்குள் அடங்கும். ஆயினும் அக்காட்டுக்கு அதுவே உயிர்; அங்கு வேலை செய்வார்க்கு அதுவே கடிகாரம். மாணவர்கள் அட்டவணையைக் கிழித்துவிட்டு, முதியவரைச் சூழ்ந்து அமர்ந்தனர்.

அப்பொழுது ஒருவன், “கன்றுகள் எங்கே இருக்கின்றன? எப்பொழுது நடுவோம்?” என்று கேட்டான். முதியவர் எங்களைக் கரையோரமாக அழைத்துச் சென்று, மரமே இல்லாத ஒரு வெற்றிடத்தைக் காட்டினார். மண் வெளுத்து உப்புப் பூத்திருந்தது. “இங்கே எத்தனை கன்று நட்டாலும் கருகிவிடும்,” என்றார்.

அதன் காரணம் மாணவர்கள் அறியத் தக்கது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து நெடுங்காலம், இக்காட்டை ஆண்டுக்கு ஒரு கூறாகப் பிரித்து, அக்கூற்றிலுள்ள மரங்களை அடியோடு வெட்டினர். 1970களில் அம்முறை கைவிடப்பெற்றது. மரம் நீங்கிய இடத்தில் வெயில் நேரே விழுந்தது. ஈரம் உலர்ந்து மண் அமிழ்ந்தது. நிலம் தட்டுப்போலக் குழிந்தது. ஏற்றத்தில் உட்புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தங்கியது. வெயிலில் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச் சென்றது. நாளடைவில் கண்டலும் தாங்காத அளவுக்கு உப்பு மிகுந்தது. காட்டை அழித்தவர் ஆடு மேய்ப்போரும் சுள்ளி பொறுக்குவோருமே என்று முன்னர்ப் பலரும் பழித்தனர். நிலத்தின் குழிவை அவர்கள் நோக்கவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர்மக்களும் கூடி இதற்கு ஒரு வழி கண்டனர். இயற்கைக் கழியிலிருந்து ஒரு பெருவாய்க்கால் வெட்டி, அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள் அமைத்தனர். மேலிருந்து நோக்கின் மீனின் முள்ளெலும்பு போலத் தோன்றும். ஏற்றத்தில் நீர் கிளைகள்தோறும் பாய்ந்து உப்பைக் கரைக்கும். வற்றத்தில் அதனைச் சுமந்துகொண்டு வெளியேறும். நீரின் போக்குவரவு சீரானபின் நட்ட கன்றுகள் தழைத்தன. நடாத விதைகளும் தாமே வந்து ஊன்றி முளைத்தன. ஆயின் வாய்க்கால் சேற்றால் தூர்ந்துவிட்டால் யாவும் பழையபடி ஆகும். ஆதலின் தூர்வாருதலே முதன்மையான வேலை. கன்று நடுதல் கண்ணுக்கு அழகு. சேறு வாருதல் அங்ஙனம் அன்று.

மாணவர்கள் உற்சாகம் சற்றே குன்றியது. எனினும் வனத்துறையின் இசைவு பெற்றிருந்தமையால், பிற்பகலில் வாய்க்காலில் இறங்க ஆயத்தமாயினர். அந்நேரத்தில் முதியவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

“ஐயா, தவறாக நினைக்காதீர்கள். இந்தத் தூர்வாரும் வேலை ஆண்டில் சில நாள்தான் வரும். அந்தக் கூலி எங்கள் வீடுகளுக்குப் பெரிது. பிள்ளைகள் கூலி இல்லாமல் வெட்டிவிட்டால் நாங்கள் எதை வெட்டுவது?” என்றார்.

மாணவர்கள் அனைவரும் அதனைக் கேட்டனர். சிலர் முகம் வாடியது. ஒருவன் மனத்தாங்கலுடன், “உதவி செய்ய வந்தவர்களை இப்படிச் சொல்லலாமா?” என்று முணுமுணுத்தான். இருபத்தைந்து இளைஞர், புது மண்வெட்டிகள், நல்லெண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் ஏழைக் குடியிருப்பின் ஒரு வாரக் கூலியைப் பறிக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை. ஆனால் அது கணக்கு, நல்லெண்ணத்தால் மாறாதது. வனத்துறைப் பணியாளர் ஒருவருடன் பேசி, கூலிக்கெனக் குறித்த வாய்க்கால்களை அம்மக்களுக்கே விடுத்து, எவர்க்கும் கூலி குறிக்கப்படாத ஒரு சிறு கிளைவாய்க்காலை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்வதென முடிவு செய்தோம். அது மூன்று நாள் வேலைக்குக்கூட வராது.

“அப்படியானால், தாத்தா, நாங்கள் உங்களுக்கு என்னதான் செய்யலாம்?” என்று, முணுமுணுத்த அவனே கேட்டான்.

முதியவர் சிரித்தார். “பேரலைக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். சட்டி வந்தது, சேலை வந்தது. எல்லாரும் நல்லவர்கள்தாம். என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். பெண்கள் இறால் பிடித்துத் திரும்பட்டும், அவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்,” என்றார்.

இருளர் இறால் பிடிக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. வலை இல்லை. கழுத்தளவு நீரில் அமர்ந்து, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவி, விரல்படும் இறாலைப் பற்றி, பல்லால் கவ்விய பனையோலைப் பையில் இடுவர். விரல்களில் கீறல் இல்லாத ஒருவரையும் அங்கு நான் கண்டேனில்லை. மாலையில் அப்பெண்கள் திரும்பினர். முதியவர் அவர்களிடம் பேசினார். அவர்கள் எங்களை ஒருமுறை பார்த்துத் தம்முள் ஏதோ கூறிக்கொண்டு வீட்டுக்குச் சென்றுவிட்டனர்.

மூன்றாம் நாள் பிற்பகல் கிளைவாய்க்காலில் இறங்கினோம். சேறு முழங்கால்வரை விழுங்கியது. ஒருவன் கால் வந்தது, செருப்பு வரவில்லை. “காலைத் தூக்கி வைக்காதீர்கள்; அடியில் தேய்த்துத் தேய்த்து நடங்கள். தேய்த்தால் திருக்கை விலகிப்போகும், மிதித்தால் முள்ளால் அடிக்கும்,” என்று முதியவர் கற்பித்தார். மாணவர்கள் வரிசையாய் நின்று சேற்றைப் பாண்டுகளில் வாரிக் கைமாற்றிக் கரையேற்றினர். மாலைக்குள் முப்பதடி நீளமும் ஆகவில்லை. ஆயினும் தேங்கியிருந்த கருநீர் ஒரு கோடுபோல மெல்ல அசைந்து கழியை நோக்கி ஓடியபொழுது, அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தில் கொக்குகள் பறந்தன.

திரும்பும் வழியில் இருளர் குடியிருப்பில் ஒரு முதியவள் எங்களை நிறுத்திச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். முன்னால் நின்ற மாணவர் நால்வர் செம்பை வாங்கத் தயங்கினர். தாகமின்மையால் அன்று. அத்தயக்கத்தின் காரணம் எனக்குத் தெரியும், அம்முதியவளுக்கும் தெரியும், நம் நாட்டில் எவர்க்குத்தான் தெரியாது? அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. முந்தின நாள் முணுமுணுத்தானே, அவன் பின்னாலிருந்து வந்து செம்பை வாங்கி, வாய் வைத்தே பாதி குடித்துவிட்டு, அடுத்தவனிடம் தந்தான். செம்பு மும்முறை நிரப்பப்பட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னர் அவள் தலைவாசலில் அமர்ந்து, “நேற்றுக் கேட்டீர்களாமே, என்ன வேண்டும் என்று. மண் வெட்ட எங்களுக்குக் கை உண்டு, சாமி. எழுதத்தான் கை இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு எழுத வருமா?” என்றாள்.

செய்தி இதுதான். இருளர் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர். கல்விச் சலுகையும் உதவித்தொகையும் பெறப் பழங்குடியினர் என்னும் சான்று வேண்டும். நம் மாநிலத்தில் அதனை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். மனு எழுதி, இணைக்க வேண்டுவனவற்றை இணைத்து அனுப்ப வேண்டும். எழுத்தறிந்தவர் அக்குடியிருப்பில் அரியர். வெளியே எழுதித் தருவோர் பணம் கேட்டனர். அவள் பேரன் ஐந்தாம் வகுப்பு முடித்தவன். அவனும் இறால் பிடிக்கச் செல்லத் தொடங்கியிருந்தான்.

அன்றிரவு பள்ளி அறையில் குண்டுவிளக்கின் கீழ் மாணவர்கள் ஐந்து குழுக்களாய் அமர்ந்தனர். மனுவின் அமைப்பை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்: அனுப்புநர், பெறுநர், பொருள், செய்தி, கையொப்பம். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்காக எழுதும்பொழுது கவனக்குறைவாய் விடும் ஒற்றெழுத்தை, அன்று ஒருவனும் விடவில்லை. ஊர்ப்பெயரை மும்முறை கேட்டெழுதினர். கிறுக்கிய தாளைக் கசக்கிவிட்டுப் புதுத்தாள் எடுத்தனர். ஒரு சொல்லுக்கு ‘ற’கரமா ‘ர’கரமா என்று இருவர் வழக்கிட்டு என்னிடம் வந்தனர், என் முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இலக்கண ஐயம் கேட்க அவ்வளவு விரைந்து எவரும் வந்ததில்லை.

முதியவள் தன் பேரனுக்காக மனுக் கொடுக்க வந்தாள். அவள் வயதைக் கேட்டான் மாணவன். ஆண்டு அவளுக்குத் தெரியவில்லை. “பெரும்புயல் அடித்தபோது என் தாய் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாளாம்,” என்றாள். அவன் என்னைப் பார்த்தான். 1952ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் நாகப்பட்டினத்தருகே கரை கடந்த புயலாக இருக்கலாம் என்றேன். இடுப்பில் இருக்கும் குழந்தைக்கு ஒன்றிரண்டு வயது என வைத்து, விரல்விட்டுக் கூட்டிக் கழித்து, ஐம்பத்தாறு என எழுதினான். நாங்கள் எழுபதுக்கு மேல் என்றே எண்ணியிருந்தோம்.

எழுதி முடித்தபின் அவன் மனுவை அவளுக்குப் படித்துக் காட்டினான். பேரன் பெயர் வந்த இடத்தில் கை காட்டி நிறுத்தி, “அந்த இடத்தை இன்னொரு தரம் படி, தம்பி,” என்றாள். படித்தான். பெருவிரலில் மை தடவிப் பதித்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்தாள்.

அன்று எழுதிய மனுக்கள் பதினொன்று. குறிப்பேட்டில் ‘நட்ட கன்றுகள்’ என்னும் கட்டம் வெறுமையாய் இருந்தது. அதனருகே புதிய கோடிட்டு, ‘மனுக்கள்’ என்று எழுதினான் அதனை வரைந்தவன். வாயிலில் படுத்திருந்த முதியவர் எழுந்து, “நாளைக்கு வற்றம் இரண்டு நாழிகை பிந்தித்தான் வரும், மெதுவாக வாருங்கள்,” என்று கூறிச் சென்றார். அவர் சொன்னபடியே மறுநாள் வற்றம் பிந்தியது. நாங்கள் சேற்றில் இறங்கு முன் இன்னும் ஐந்து மனுக்கள் முடிந்திருந்தன.